கருவி இடம் மாறினால்

ஜூன் 17, திங்கள்

வானிலை: வெயில், மேல்காற்று.
வந்தவர்கள்: எல்லாரும்.

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஜெயசீலன் சார் சொன்னார். கட்டட வேலை நடக்கிற இடத்தில் அன்றாடம் ஒரு குறிப்பு எழுதி வைப்பார்களாம். வானிலை, வந்த ஆட்கள், நடந்த வேலை, நடந்த தப்பு. நாங்கள் பழகுவதற்காக ஆளுக்கொரு டைரி கொடுத்திருக்கிறார். வீட்டில் வைத்து எழுதலாம், வாங்கிப் படிக்க மாட்டார். விதி ஒன்றுதான்: தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கோட்டுக்கு அடியில் தப்பும் படிக்கத் தெரிய வேண்டும்.

"தப்பு வெளிய தெரிஞ்சா கேவலம்தானே சார்?" என்று ரீட்டா கேட்டாள். எங்களோடு படிக்கிற பெண், கெட்டிக்காரி, வாயும் ஜாஸ்தி.

"மறைச்சா கட்டடத்துக்குக் கேவலம்" என்றார் சார்.

எதையும் அழிக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் எதையும் அழித்ததில்லை.

என் பெயர் வெள்ளத்தாய். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வேலை சித்தாள். குருசாமி மேஸ்திரி கூட்டத்தில் மண்ணும் செங்கலும் சுமந்து மகனை ஆளாக்கினேன். வகுப்பு இல்லாத நாளில் இப்போதும் சுமக்கிறேன். மகன் கேரளத்தில் கம்பி கட்டுகிறான். அவன் பெண்டாட்டி முத்துச்செல்வி பன்னிரண்டாவது படித்தவள். இந்தச் சமுதாயக் கல்லூரியில் கட்டுமானத் தொழில்நுட்ப உதவியாளர் படிப்பு வந்திருக்கிறது என்று முதலில் பாரம் வாங்கியவள் அவள்தான். படிப்பில் முதலாவதாக வருகிறவரைக் கல்லூரி கட்டப்போகிற விடுதிக் கட்டடத்துக்கு உதவியாளராக எடுத்துக் கொள்வார்களாம். அந்த விடுதியின் கொத்து வேலை குருசாமிக்கு. அப்படியென்றால் அவள் நோட்டும் கையுமாக நிற்பாள், நான் அவள் முன்னால் தலையில் மண் பாண்டு தூக்கிக்கொண்டு நடப்பேன்.

மறுநாளே நானும் பாரம் வாங்கினேன். ஐந்தாவது போதும், வயது வரம்பு கிடையாது என்று போட்டிருந்தது. "பாட்டி, நீங்களுமா?" என்று கேட்டார் சார். பாட்டி என்று கூப்பிட்டதைக் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 19, புதன்

முத்துச்செல்வியைப் பற்றி ஒன்றை எழுதி வைத்துவிட வேண்டும்.

கல்யாணத்தன்று பந்தியில் அவளுடைய சித்தி, "மாப்பிள்ளையோட அம்மா என்ன வேலை பாக்காங்க?" என்று கேட்டாள். இவள், "கட்டட வேலை" என்றாள். சித்தாள் என்ற சொல் வாயில் வரவில்லை. சொன்னதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சித்தி கட்டியிருந்தது மாம்பழ நிறப் பட்டு. கரையில் சாம்பார் பட்டிருந்தது. இலையில் உப்புக்கு அடுத்து வைத்த பொரியல் பீட்ரூட்.

என் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டவள் அவள்.

ஜூன் 25, செவ்வாய்

வானிலை: மேகம். மழை இல்லை.

இன்று மட்டம் பார்க்கிற டம்பி லெவல் கருவியைச் சார் காட்டினார். முக்காலி மேல் ஒரு குழாய். அதில் கண்ணை வைத்து, தூரத்தில் ஒருவர் பிடித்து நிற்கிற அளவுகோலின் எண்ணைப் படிக்க வேண்டும். அந்தக் கோலுக்கு ஸ்டாஃப் என்று பெயர். ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறோம் என்று என்னையும் முத்துச்செல்வியையும் ஜோடி போட்டுவிட்டார். முதலில் நான் கோலைப் பிடித்தேன், அவள் பார்த்தாள்.

பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அத்தை, நீங்க தலைகீழா நிக்கிறீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். பழைய கருவி, எல்லாவற்றையும் கவிழ்த்துத்தான் காட்டும் என்றார் சார். மாமியாரைத் தலைகீழாக நிற்க வைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு கருவி கிடைத்துவிட்டது.

பிறகு நான் பார்த்தேன். பால் ஊற்றினாற்போல் இருந்தது. அந்தக் கண்ணாடியை வாங்கிய நாளிலிருந்து யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். "தெரியுதா?" என்றார். தெரிகிறது என்றேன்.

கருவியை இடம் மாற்றினால் எல்லா எண்ணும் மாறிவிடும் என்று இன்னொன்றும் சொன்னார். அது எனக்கு ஒப்பவில்லை. நாங்கள் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்போம். டியூபை எங்கே கொண்டுபோய்த் தூக்கினாலும் தண்ணீர் அதே மட்டத்தில்தான் நிற்கும், சுவரில் போட்ட குறி குறிதான். தரை அங்கேயே கிடக்கும்போது எண் மட்டும் எப்படி மாறும்?

ஜூலை 3, புதன்

பஸ் வரும்போதெல்லாம் முத்துச்செல்வி நம்பரை வாய்விட்டுப் படிக்கிறாள். "அம்பத்தி ரெண்டு ஏ வருது." யார் கேட்டார்கள்? எனக்குப் படிக்கத் தெரியாது என்று பஸ் ஸ்டாப் முழுக்கத் தெரிய வேண்டும் அவளுக்கு.

ஜூலை 9, செவ்வாய்

காபியில் உப்பு விழுந்துவிட்டது. இரண்டு டப்பாவையும் ஒரே மாதிரி வாங்கி வைத்திருக்கிறாள். பேத்தி யாழினி குடித்துவிட்டு, "ஆச்சி, கடல் காபி" என்றாள்.

ஜூலை 10, புதன்

உப்பு டப்பாவின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது. நான் புழங்குகிற அடுப்பங்கரையில் என்னைக் கேட்காமல் அடையாளம் போடுகிறாள். பாடக் குறிப்பையும் எனக்காக ஒரு பெரிய நோட்டில் எழுதித் தருகிறாள். ஒவ்வொரு எழுத்தும் கோழி முட்டை அளவு. சின்னப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது போல.

பேனா மை வெளிறிப் போகிறது. கடைக்காரனைக் கேட்க வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

வானிலை: வெயில்.
நடந்த வேலை: பாறைக்குளம் தெரு அங்கன்வாடிக்கு வாய்க்கால் அளவு எடுத்துப் பழகல்.

யாழினி போகிற அங்கன்வாடிதான். பிள்ளைகள் கை கழுவுகிற தண்ணீர் வாசலிலேயே தேங்கி நிற்கிறது. அதைத் தெருவோரச் சாக்கடைவரை கொண்டுபோக ஒரு சின்ன வாய்க்கால் கட்ட வேண்டும். அளவு எடுப்பது எங்கள் வகுப்பு. கட்டுவது குருசாமி ஆட்கள்.

இன்றைக்குப் பழகிப் பார்த்தோம். முளைக்குச்சி அடித்த இடங்களில் முத்துச்செல்வி கோலை வைக்க, ரீட்டா குழாயில் பார்த்து ஒவ்வொரு எண்ணாகக் கத்தினாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு தடவை காதில் விழுந்தது என்னிடமிருந்து எங்கே போகும்? வாசல், வேப்பமரம், பைப்படி, கல்பாலம், சாக்கடை, எல்லாம் உட்கார்ந்துவிட்டது.

பிறகு என் முறை. கண்ணை வைத்தேன். சொன்னேன்.

"அருமை! ரீட்டா எடுத்த எண்ணும் இவங்க எடுத்ததும் அப்படியே ஒத்துப் போகுது. இந்த வயசுல என்ன பார்வை பாருங்க. எல்லாரும் கை தட்டுங்க" என்றார் சார்.

தட்டினார்கள். முத்துச்செல்வி மட்டும் கோலைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

வரும்போது பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வானிலை: தூறல், பிறகு வெயில்.

இன்று நிஜ அளவு. இதை வைத்துத்தான் குருசாமி ஆட்கள் தோண்டப் போகிறார்கள். ஆளுக்கொரு வேலை பிரித்தார்கள், எங்கள் ஜோடிக்கு இந்த வாய்க்கால். நான் குழாயில் பார்ப்பது, முத்துச்செல்வி கோல் பிடிப்பதும் எண்ணை எழுதிக் கணக்குப் போடுவதும்.

வேப்பமரம்வரை வந்தோம். அதற்கு மேல் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றுவிட்டது. சார் முக்காலியைத் தூக்கி லாரிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் நிறுத்தி, அங்கிருந்து வேப்பமரத்து எண்ணை மட்டும் அவரே பார்த்து எழுத வைத்துவிட்டு, போன் வந்தது என்று போய்விட்டார்.

நான் சொன்னேன். பைப்படி, கல்பாலம், சாக்கடை.

கோலைப் பிடித்திருந்த இடத்திலிருந்தே முத்துச்செல்வி, "அத்தை, நல்லாப் பாருங்க. இன்னொருக்காப் பாருங்க" என்றாள்.

"எனக்குப் படிச்சுக் குடுக்காத. எழுது புள்ள" என்றேன்.

கோலை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு நோட்டைப் பிரித்தாள். பிறகு எழுதினாள்.

தூசி அதிகம். கண் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 14, புதன்

வானிலை: வெயில்.
நடந்த தப்பு:

சார் சொன்னபடி தலைப்பைப் போட்டுவிட்டேன். கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வாய்க்கால் கட்டி முடித்து, பூச்சும் காய்ந்துவிட்டது. இன்று தண்ணீர் விட்டுப் பார்க்கிற நாள். அங்கன்வாடிப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். குடத்தைக் கவிழ்த்தது நான்தான். தண்ணீர் வேப்பமரம்வரை நன்றாக ஓடியது. அதைத் தாண்டியதும் நின்றது. நின்று, யோசித்து, திரும்பி வந்தது. நான் ஊற்ற ஊற்ற வாசலுக்கே வந்து, படியில் ஏறி, பிள்ளைகளின் பாய் நனைந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். யாழினி, "ஆச்சி, இன்னும் ஊத்துங்க!" என்று குதித்தாள்.

குருசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார். "வெள்ளத்தாய் ஊத்துன வெள்ளம்லா? தாய் வீட்டுக்கே திரும்பி வருது!"

அவர் ஆட்களும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து அவர் சிரித்ததில் இது எத்தனையாவது என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் இன்று அது உறைக்கவில்லை. உறைத்தது வேறு.

சார் அளவுப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் மாறிவிட்டது. "லாரிக்கு அந்தப் பக்கம் பள்ளத்துல வச்சுல்ல பாத்தீங்க? எண்ணெல்லாம் மாறியிருக்கணுமே. இது அன்னிக்குப் பழகுறப்ப ரீட்டா எடுத்த எண். அச்சு அசலா அதே. அளவு எடுக்கவே இல்லையா? யாரு இப்படி எழுதுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள், இல்லை, அப்படி எழுதக் கூடாது. நான் வாயைத் திறக்கவில்லை. முத்துச்செல்வி திறந்தாள்.

"நான்தான் சார். அவசரத்துல பழசப் பாத்து எழுதிட்டேன்."

"தப்பு வேற, காப்பி வேற முத்துச்செல்வி. தப்புன்னா திருத்தலாம். பார்க்காமலே பார்த்தேன்னு எழுதுற ஆளை நான் எப்படி விடுதிக் கட்டடத்துல நிறுத்துவேன்? அந்த வேலைக்கு உன் பேரைத்தான் சொல்லியிருந்தேன். இனிமே சொல்ல முடியாது."

அவள் தலையை ஆட்டினாள். ரீட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாது என்றுதான் நான் சேர்ந்தேன். கிடைக்கவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. கொடியேற்றப் போகவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

முத்துச்செல்வி மாவாட்டிக்கொண்டிருந்தாள். நான் உளுந்தைத் தள்ளிக் கொடுக்கிற சாக்கில் போய் உட்கார்ந்தேன். கிரைண்டர் சத்தத்தில் பேசினால் கொஞ்சம் எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"நீதான் எழுதுனேன்னு."

"எழுதுனது நான்தான அத்தை?"

"வெளையாடாத."

கையில் ஒட்டியிருந்த மாவை வழித்துப் போட்டாள். "உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு அங்க வச்சுச் சொல்லச் சொல்றீங்களா? அந்தக் குருசாமி மறுநாளே வேலைக்கு வராதன்னு சொல்லிருவாரு. அதோட நிக்குமா? கண்ணு தெரியாத கெழவிய மருமக சாரத்துல ஏத்திவிட்டிருக்கான்னு எனக்கும் சேத்து வச்சு நாறடிப்பாரு."

கண் தெரியவில்லை என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, இந்த டைரியிலும் சொன்னதில்லை. அவள் அதை உப்பு தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"சித்திரையில. ரேஷன் கடைக்கு வந்தேன்ல? எதுக்க நீங்க வாறீங்க. என்னப் பாத்து, யாரோ வேத்தாளுக்கு வழி விடுற மாதிரி ஒதுங்கி நின்னீங்க. 'அத்தை'ன்னு கூப்புட்ட பெறகுதான் நான்னு தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு. மறுநாப் போயிப் பாரம் வாங்குனேன். நீங்க சாரத்துல இருந்து விழுறதுக்கு முன்னால எனக்கு ஒரு வேல கெடச்சிரணும்னு. நீங்களும் பின்னாடியே வந்து சேருவீங்கன்னு கண்டேனா?"

"இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா விடுவீங்களா? பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது. கல்யாணப் பந்தியை எடுத்துப் போட்டேன். சித்தி, பட்டு, சாம்பார், பீட்ரூட், தாழ்த்திய குரல், எல்லாம்.

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அழுத மாதிரியும் இருந்தது. "அடக் கடவுளே. அன்னிக்குத் திடீர்னு ரேடியோ செட்டு நின்னு போச்சு அத்தை. அதுவரைக்கும் கத்திக் கத்திப் பேசிட்டு இருந்தோம். செட்டு நின்னதும் எல்லாருமே கொரலக் கொறச்சோம். இதையா இவ்வளவு நாளும் வச்சிருந்தீங்க?"

கிரைண்டரைப் போட்டுவிட்டாள்.

பந்தியில் பாட்டு நின்றதா? படுத்தபடி யோசித்துப் பார்த்தேன். பீட்ரூட் நினைவிருக்கிறது. பட்டின் கரை நினைவிருக்கிறது. பாட்டு ஓடியதும் நினைவில்லை, நின்றதும் நினைவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வந்தவர்கள்: எல்லாரும். குருசாமியும் இருந்தார். வாய்க்காலை உடைத்துக் கட்ட யார் ஆள் தருவது என்று சாரிடம் பேச வந்திருந்தார். அவர் போன பிறகு சொல்லலாம் என்று சுவரோரமாக நின்றேன். அவர் போகவில்லை. காலை வெயில் ஏறிக்கொண்டே போனது.

"சார், அது முத்துச்செல்வி இல்ல. நான்" என்றேன்.

"அத்தை, சும்மா இருங்க" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. சார், ரீட்டா சொன்ன எண்ணைத்தான் நான் சொன்னேன். பழகுற அன்னிக்கும் அதான், நெச அளவு அன்னிக்கும் அதான். கொழாய்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. வெள்ளையாத்தான் இருக்கும். இந்தா இங்க இருந்து ஒங்க மொகமே தெரியல. நீலச் சட்டை போட்டிருக்கீங்க, அவ்வளவுதான்."

ரீட்டா மெதுவாக, "பச்சைச் சட்டை ஆச்சி" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேர் நடுவில் முந்தானை நழுவியிருந்தால்கூட அப்படிக் கூசியிருக்காது.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் கை தட்டச் சொன்னேனே" என்றார். எங்களிடம் சொன்னது போல் இல்லை.

குருசாமி கிட்டே வந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஏ வெள்ளத்தாயி, இந்தக் கண்ண வச்சுக்கிட்டா மூணாவது மாடில செங்கல் ஏத்துன? கீழ பிள்ளைங்க நடக்குற எடம். ஒரு கல்லு கை தவறியிருந்தா? நாளையிலருந்து வராத."

அவர் மீது எனக்கு இருக்கிற கணக்கில் இதைச் சேர்க்க முடியவில்லை. அவர் சொன்னது சரி.

சார் முத்துச்செல்வியைக் கூப்பிட்டார். "எண்ணு தப்புன்னு ஒனக்குச் சந்தேகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"அப்புறம் ஏன் எழுதுன?"

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன், முகம் என் பக்கம் திரும்பியது. "எங்க அத்தை சார்" என்றாள்.

"அந்த ஒரு எழுத்துக்கு நீயும் பொறுப்பு. திரும்ப எடுங்க. ரெண்டு பேரும். நீ பாரு, அவங்க பிடிக்கட்டும். அதப் பாத்துட்டு ஒன் வேலையப் பத்திப் பேசலாம்."

ஆகஸ்ட் 22, வியாழன்

வானிலை: வெயில், காற்று.

கோல் பிடித்தேன். பிடித்தால் மட்டும் போதாது, மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துக் கொடுக்க வேண்டும். அப்படிச் சாய்க்கும்போது தெரிகிற எண்களில் எது குறைவோ அதுதான் மெய்யான எண். தூரத்தில் அவள் எனக்கு ஒரு சேலை நிறம், ஒரு குரல்.

"சாயிங்க அத்தை... இன்னும்... இப்பப் பின்னால... போதும், போதும்!"

இரண்டு இடத்தில் முக்காலியை மாற்றி வைத்தாள். ஒவ்வொரு தடவையும் எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். ஒன்றுகூட பழைய எண் இல்லை. அதே வேப்பமரம், அதே கல்பாலம், நான் நின்றதும் அதே முளைக்குச்சி.

ஆகஸ்ட் 31, சனி

மறுபடி தண்ணீர் விட்டார்கள். ஓடியது. யாழினி ஒரு பிஸ்கட் கவரைப் போட்டுவிட்டு அதன் கூடவே சாக்கடைவரை ஓடினாள். முத்துச்செல்வியின் பெயரை விடுதி வேலைக்குச் சொல்லிவிட்டதாகச் சார் சொன்னார். என்னிடம் வந்து, "அம்மா, கண்ணைக் காட்டுங்க, அடுத்த வகுப்புல வந்து சேருங்க" என்றார். பாட்டி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் குறித்து வைத்திருக்க மாட்டேன். இல்லை, வைத்திருப்பேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

வானிலை: நல்ல மழை. ஜன்னலிலிருந்து பார்த்தால் மழை ஒவ்வொரு கம்பியாகத் தெரிகிறது.

வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடது கண் தை மாதம். முத்துச்செல்வி வேலைக்குப் போகுமுன் மருந்து விட்டுவிட்டுப் போகிறாள். விடுதிக்குக் கடைக்கால் போட்டாகிவிட்டது. அங்கே மண் சுமக்க நான் இல்லை. அவள் முன்னால் பாண்டு தூக்குவதை நினைத்து ஊரைக் கூட்டிப் படிக்கப் போனவளுக்கு, இப்போது அவள் டிபன் டப்பாவை மூடிக் கொடுப்பதுதான் வேலை. அவள் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. காட்டினால்கூடப் பரவாயில்லை போல் இருக்கிறது.

இன்று இந்த டைரியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வரி மேல் வரி ஏறிக் கிடக்கிறது. ஜூலையில் ஒரு பக்கம் எழுதிய இடத்திலேயே மறுபடி எழுதியிருக்கிறேன். கடைக்காரன் பேனாவில் நல்ல மைதான் இருந்திருக்கிறது.

ஜூன் 19-க்கு வந்தேன். "என் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டவள் அவள்." ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைக் கிழிக்கலாம் என்று கை போனது. கிழிக்கக் கூடாது. விரலை எச்சில் தொட்டுத் தேய்க்கலாம். அதுவும் கூடாது.

யாழினியின் ஸ்கேலை வாங்கி ஒரே ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு அடியில் எல்லா எழுத்தும் தெரிகிறது. பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்: வெள்ளத்தாய்.

மேலே சரியானதை எழுத வேண்டும் என்பது விதி. பாட்டு நின்றது என்று எழுத எனக்கு நினைவில்லை. நிற்கவில்லை என்று எழுதவும் நினைவில்லை. இடம் விட்டு வைத்திருக்கிறேன்.